சுவிச்சுப் பலகைக்குச் சமாதானம்

பூசை காண்பது எப்படி என்று பிழையில்லாமல் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் உரோமாபுரியில் இல்லை, நாரந்தனையில் இருக்கிறார். பெயர் பிலிப்பு. வயது அறுபத்தொன்று. தொழில் நண்டு வலை. இந்த உண்மையை உலகத்துக்கு அறிவித்தவரும் அவரேதான். உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை பின்னேரம், செபஸ்தியார் கோயிலைக் கூட்டிக் கழுவ வந்த சனத்தின் முன்னால், ஒருவரும் கேட்காமலே அறிவித்தார்.

“அறுபத்தொரு வருசத்தில கோயில் திறந்த ஒரு ஞாயிறும் நான் தப்பவிட்டதில்லை. பூசையில முன்னுக்குப் பாக்க வேணும். பீடத்தைப் பாக்க வேணும். ஆண்டவர் அங்கதான் இருக்கிறார். உந்தப் போனுக்குள்ள இல்லை.”

“ஓம் பிலிப்பு, ஆண்டவர் போனுக்குள்ள இல்லைத்தான்,” என்றார் செபஸ்தியம்மா, விளக்குமாற்றை நிறுத்தாமல். “என்ர பெடியன் இருக்கிறான்.”

அந்தப் போனின் வரலாறு பின்வருமாறு. கொரோனாக் காலத்தில் கோயில் பூட்டிக் கிடந்தபோது பங்குச் சுவாமி தனியே நின்று பூசை வைத்தார். றெக்ஷன் அதைப் போனில் பிடித்து நேரலையாக அனுப்பினான். றெக்ஷன் ஓட்டோ ஓட்டுகிறவன், பாடகர் குழுவில் கீபோட் வாசிப்பவனும் அவனே. பிறகு கதவு திறந்தது, சனம் திரும்பி வந்தது, போன் மட்டும் போகவில்லை. பங்கில் அரைவாசிப் பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கும்போது அது எப்படிப் போகும்? பீடப்படிக்குக் கிட்ட, ஆண்கள் பக்கத்து முதல் தூணில், ஒரு சின்னப் புனிதரைப் போல அங்கேயே குடியிருந்துவிட்டது.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. மற்றக் கோயில்களில் பக்கத்து ஆளைப் பார்த்துக் கைகூப்பினால் அந்தக் கடமை முடிந்துவிடும். இங்கே அதற்குப் பிறகு றெக்ஷன் எழும்பி வந்து, போனை மேசை விசிறி மாதிரி மெல்லச் சுற்றுவான். சனம் முழுவதும் அதைப் பார்த்துக் கைகூப்பும். திருச்சபையின் எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழிபாட்டைத் தொடக்கிவைத்தவர் செபஸ்தியம்மா. அவர் கைகூப்புவதோடு நிற்பதில்லை. வலக்கையைத் தூக்கி, ஐந்து விரலையும் மடக்கி விரித்து, மடக்கி விரித்து, கைக்குழந்தைக்குக் காட்டுவதுபோலக் காட்டுவார். அந்தக் குழந்தைக்கு வயது முப்பத்தெட்டு. நிறை நூற்றுப் பத்துக் கிலோ. ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறது. சுவாமி ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்த அரை நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகிவிட்டார்.

பிலிப்பு பழகவில்லை. அவர் உட்காருகிற இடம் ஆண்கள் பக்கம் மூன்றாவது வாங்கு, சுவரோரம். விசிறிச் சுவிச்சுகள் கைக்கெட்டும் தூரம். விசிறி போடுவதும் நிறுத்துவதும் ஒருவரும் அவருக்குக் கொடுக்காத, ஒருவரும் அவரிடமிருந்து பறிக்கத் துணியாத உத்தியோகம். போன் சுற்றத் தொடங்கியதும் அவர் தன் எதிர்ப்பைத் தெரிவிப்பார். முழுதாகத் திரும்பி, சனத்துக்கும் போனுக்கும் முதுகைக் காட்டி, சுவிச்சுப் பலகையைப் பார்த்துக் கைகூப்பி நிற்பார். நான்கு வருடமாக, ஞாயிறு தவறாமல், சுவிச்சுப் பலகைக்குச் சமாதானம். அந்தப் பலகையில் ஆறு சுவிச்சுகள். ஒன்று வேலை செய்யாது. பிலிப்பு அதில் பாகுபாடு காட்டியதில்லை. அவருடைய மூலையைத் தூண் மறைத்ததால் இந்தப் போராட்டம் போனில் ஒருநாளும் விழவில்லை. உள்ளூரில் மட்டும் பிரசித்தம்.

“செபஸ்தி, நீ கையை மடக்கி விரிக்கிறதைப் பாத்தா, கோழிக்கு அரிசி எறியிறாய் எண்டுதான் கனடாவில நினைப்பினம்,” என்றார் இப்போது.

“நினைக்கட்டும். என்ர கோழி வந்து பாக்குதெல்லே,” என்றார் செபஸ்தியம்மா.

சனம் சிரித்தது. பிலிப்புவும் சிரித்தார், ஆனால் ஒரு நொடி பிந்தி.

ஏனென்றால் அவருக்கும் வெளிநாட்டில் ஒன்று இருந்தது. ஒரே மகள் அன்ரனிட்டா, பாரிசில். போன வருடம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மூத்த பேரனுக்குப் பாட்டனின் பெயர் என்பது பிலிப்புவின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகக் கேள்வி கேட்கப்படாத விசயம். அவள் பிள்ளைக்கு ஏத்தன் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போன் எடுத்தாள்.

“அது எந்தப் புனிதரின்ர பேர்?” என்று கேட்டார் பிலிப்பு.

“பைபிளில இருக்குதப்பா.”

அவர் சுவாமியிடம் போய் விசாரித்தார். ஓம், ஒரு திருப்பாடலின் தலைப்பில் அந்தப் பெயர் இருக்கிறது என்றார் சுவாமி. பிலிப்பு திரும்பி வந்து மகளுக்குச் சொன்னார்: “பாட்டுக்குத் தலைப்பில இருக்கிறவன் எல்லாம் புனிதன் இல்லை. அந்தப் பேரை என்ர வாயால நான் சொல்லமாட்டன்.”

“அப்ப நீங்கள் அவனைக் கூப்பிட வேண்டாம்,” என்றாள் அன்ரனிட்டா. தகப்பனின் வாய் அவளுக்கும் இருந்தது.

அது நடந்து பத்து மாதம். அவள் தாயோடு கதைப்பாள். பிலிப்பு அந்த நேரம் வீட்டு வளவுக்குள் போய் வலையைப் பார்ப்பார். முதலில் போன் எடுக்க வேண்டியது வயதில் சின்ன ஆக்கள் என்பதும் அவருடைய சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அன்று கோயில் கழுவி முடிகிற நேரம் றெக்ஷன் தூணடியில் நின்று தங்கூசி என்கிற நைலோன் வலை நூலால் போனைக் கட்டிக்கொண்டிருந்தான். பிலிப்பு பார்த்தார். அவருக்குப் போன் பிடிக்காது. ஆனால் கெட்ட முடிச்சு அதைவிடப் பிடிக்காது.

“உது முடிச்சோ? செத்த மீனும் கழட்டிக்கொண்டு போகும். தள்ளு.”

“மாமா, நீங்கள் உதுக்கு எதிரெல்லே?”

“போனுக்குத்தான் எதிர். முடிச்சுக்கு இல்லை.”

இரண்டு சுற்று, ஒரு கொளுவல், ஒரு இழுவை. பிலிப்பு தன் வள்ளத்தைக் கட்டும் கட்டு அது. “பார். எந்தக் காத்து அடிச்சாலும் வள்ளம் காத்தோட திரும்பும். ஆனாக் கழராது. நாப்பது வருசத்தில ஒருக்காலும் கழண்டதில்லை.” றெக்ஷன் இழுத்துப் பார்த்தான். கழரவில்லை. போன் என்பது காற்றோடு திரும்ப வேண்டிய பொருள் அல்ல என்பது அந்தக் கணத்தில் இருவருக்கும் தோன்றவில்லை.

உயிர்த்த ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்குக் கோயில் நிறைந்து பூவரசு மரத்தடிவரை சனம் நின்றது. புழுக்கம். ‘உன்னதங்களிலே’ பாடத் தொடங்கியதும் பிலிப்பு தன் உத்தியோக அதிகாரத்தைப் பயன்படுத்தி, வேலை செய்கிற ஐந்து சுவிச்சையும் ஒன்றாகப் போட்டார். தூணுக்கு நேரே இருந்த சுவர் விசிறி சுழன்றது. போன் கொஞ்சம் ஆடியது. பிறகு, நன்றாகக் கட்டிய வள்ளம் எதுவும் செய்வதைச் செய்தது: தூணைச் சுற்றி மெல்ல நழுவிப் போய், காற்றுக்கு ஏற்றபடி திரும்பி நின்றது. கழரவில்லை.

அது திரும்பி நின்ற திசையில் மூன்றாவது வாங்கும், ஒரு சுவிச்சுப் பலகையும், பிலிப்புவும் இருந்தார்கள்.

றெக்ஷன் கீபோட்டில் இருந்தான். உயிர்ப்புப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் தலை நிமிர்த்த நேரமில்லை. பிலிப்புவோ விதிப்படி பீடத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆகவே மூன்று கண்டங்களில் நானூறு பேர் அன்றைக்குப் பூசைக்குப் பதிலாகப் பிலிப்புவைக் கண்டார்கள். இரண்டாம் வாசகத்தில் அவர் கொட்டாவி விட்டார். பிரசங்கத்தில் முழங்கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினார். ‘அல்லேலூயா’வை எல்லாரும் முடித்த பிறகு தனியாக ஒருதரம் பாடினார். சமாதானம் சொல்லும் இடத்தில் பாடகர் குழு அன்றைக்கென்று விசேட பாட்டொன்று எடுத்ததால் றெக்ஷன் எழும்பி வரவில்லை. சனம் நின்ற இடத்திலிருந்தே போன் இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பியது. பிலிப்பு முழுதாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை அவர் ஊரில் பெரிய ஆள். ஓட்டோவை நிறுத்தி றெக்ஷன் மன்னிப்புக் கேட்டான்.

“ஏன் மன்னிப்பு?” என்றார் பிலிப்பு. “பாக்கட்டும். பூசை எப்பிடிக் காணுறதெண்டு வெளிநாட்டுச் சனம் ஒருக்காப் பழகட்டும்.”

“கொட்டாவிக்கு மட்டும் எழுபது பேர் சிரிச்சிருக்கினம் மாமா.”

“கொட்டாவி மனிசனுக்கு வாறதுதானே. நடிக்கிறவனுக்குத்தான் வராது.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மனைவி மாக்கிறேற் குசினி அடுப்படியில் குந்தியிருந்து ஒட்டி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் வாய் திறக்கவில்லை. தன் புகழில் நின்றதால் பிலிப்பு அதைக் கவனிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ. எங்கட பிள்ளை அன்ரனிட்டா ஞாயிறு பூசை பாத்தவள்.”

“பாக்கட்டும். ஞாயிறு பூசை தப்பவிடக்கூடாத கடன் பூசைதானே.”

“போன் பிழையாத் திரும்பின பூசையை மட்டுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிறவள். அங்க விடிய மூண்டரை. மணிக்கூட்டில எலாம் வைச்சு எழும்பிப் பாக்கிறவள்.”

பிலிப்பு குசினி வாசற்படியில் குந்தினார்.

“நீங்கள் அதில ஒருநாளும் வந்ததில்லைத்தான். எண்டாலும் பிரசங்கம் முடியத் தொண்டையைச் செருமுவியளெல்லே? அது கேக்குமாம். அப்பா வந்திட்டார், சுகமா இருக்கிறார் எண்டு அதில தெரியுமாம்.” மாக்கிறேற் மீனைத் திருப்பிப் போட்டார். “இந்த ஞாயிறு முழுசா உங்கட முகம் வந்திட்டுது. அவள் பெடியனை நித்திரையால எழுப்பி மடியில வைச்சு, அம்மப்பா பார், அம்மப்பா பார் எண்டு காட்டினவளாம். அவனும் உங்களுக்குக் கை காட்டினவனாம். சமாதானம் வரேக்க, எல்லாரும் போனைப் பாக்கினம், அப்பாவும் இப்பப் பாப்பார் எண்டு போனைக் கிட்டப் பிடிச்சவளாம். நீங்கள் திரும்பி முதுகைக் காட்டினியள்.”

“நான் சுவிச்சுக்கெல்லோ…” என்று தொடங்கினார் பிலிப்பு. நான்கு வருடமாக மிகவும் கம்பீரமாக இருந்த அந்த வசனம் குசினிக்குள் அவ்வளவு எடுபடவில்லை. பாதியில் விட்டார்.

“பாரிசில இருக்கிறவளுக்கு என்னெண்டு தெரியும், நீங்கள் சுவிச்சைக் கும்பிட்டதெண்டு? அம்மா, எனக்குக் காட்டினாப் பரவாயில்லை, குழந்தைக்கு ஏன் எண்டு கேட்டவள். நான் என்ன சொல்ல?”

“போன் திரும்பி நிண்டது எனக்குத் தெரியாதெண்டு சொல்லன்.”

“உலகத்துக்கே பூசை படிப்பிக்கிற வாய் உங்களிட்ட இருக்கு. போன் அலுமாரியில இருக்கு. நான் ஏன் நடுவில?”

“இனி என்னவாம்?”

“இனிப் பாக்கமாட்டனெண்டவள். வாற ஞாயிறு பாப்பாளோ இல்லையோ எனக்குத் தெரியாது.” மாக்கிறேற் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பிலிப்பு அலுமாரியைத் திறந்தார். போனைப் பார்த்தார். அலுமாரியைப் பூட்டினார். சின்ன ஆக்கள்தான் முதலில் எடுக்க வேண்டும்; ஆனால் சின்ன ஆள் ஒருத்தி பத்து மாதமாக விடிய மூன்றரைக்கு எழும்பித் தொண்டைச் செருமலைக் கேட்டுக்கொண்டிருந்தால், யார் முதலில் எடுத்தது என்று சட்டப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் கடலுக்குப் போனார். அனலைதீவுப் பக்கம் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. வலையை இழுத்து, நண்டைக் கழற்றி, மறுபடி வலையை இறக்கினார். சுற்றிவரப் பார்த்தார். பக்கத்து வள்ளம் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நின்றது. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு வள்ளத்து மெசினை இழுத்துப் போட்டார். அது உறுமத் தொடங்கிய பிறகு, “ஏத்தன்,” என்றார்.

வாயில் ஒன்றும் ஆகவில்லை. “ஏத்தன், இஞ்ச வா,” என்று இன்னொருதரம் சொல்லிப் பார்த்தார். கூப்பிடச் சுகமான பெயராகத்தான் இருந்தது. கூடைக்குள் இருந்த நண்டொன்று மட்டும் கண்ணை நீட்டி அவரைப் பார்த்தது. அதை அவர் சாக்கால் மூடினார்.

வியாழக்கிழமை சந்தியில் றெக்ஷனின் ஓட்டோவைப் பிடித்தார்.

“தம்பி றெக்ஷன், சுகமா இருக்கிறீரோ?”

றெக்ஷன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து அவனை ‘நீ’, ‘டேய்’ என்று மட்டும் கூப்பிட்ட மனிதர் ‘நீர்’ போட்டால் ஏதோ பெரிய வழக்கு வருகிறது என்று அர்த்தம்.

“ஓம் மாமா. என்ன விசயம்?”

“இல்லை, உம்மட போன் எங்கயெங்க பாக்குமெண்டு அறிய வேணும். பிறகும் நான் அதில வந்திடக்கூடாதெல்லே.”

“பயப்பிடாதேங்கோ. போனை நானே கட்டுறன். உங்கட கட்டு வேண்டாம். பூசைக்குள்ள பீடத்தை மட்டும்தான் பாக்கும்.”

“சமாதானத்துக்கு நீர் சுத்தேக்க?”

“அப்பவும் நீங்கள் தூணுக்குப் பின்னால. வரமாட்டியள்.”

“அது சரி. ஆனா முதல் எங்க துவங்கும்? அறிவுக்குக் கேக்கிறன்.”

“ஆம்பிளையள் பக்கம் முதலாம் வாங்கில. அதில ஆர் மாமா இருக்கிறது? நாலு வருசமா வெறும் வாங்கைத்தான் உலகத்துக்குக் காட்டுறன்.”

அது உண்மை. ஆண்கள் கோயிலைப் பின்னாலிருந்து நிரப்புவார்கள். பின் வாங்குகள் நிறைந்தால் வெளியே மரத்தடியை நிரப்புவார்கள். முதல் வாங்குக்கு வருமுன் பூசை முடிந்துவிடும். முதல் வாங்கில் இருந்தால் சுவாமி வாசகம் வாசிக்கச் சொல்லிவிடுவார் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக வருவது.

“அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை,” என்றார் பிலிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மாக்கிறேற் பெண்கள் பக்கம் போய் இருந்தார். மூன்றாவது வாங்குச் சுவரோரம் வெறுமையாகக் கிடந்தது. பிலிப்பு அதைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், முதலாவது வாங்கின் நடுவில் தனியாகப் போய் இருந்தார். பின்னால் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. பூசைக்கு வந்த சுவாமி அந்த வாங்கில் ஒரு மனிதரைக் கண்டு, நடையைத் தவறவிட்டு, இன்னொருதரம் பார்த்தார். ஆனால் நல்ல மனிதர், வாசகம் வாசிக்கச் சொல்லவில்லை. விசிறி போட ஆளில்லாமல் பங்கு முழுவதும் வேர்த்தது. ஒருவரும் அந்தப் பலகையில் கை வைக்கத் துணியவில்லை.

உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு எப்போதும் தோமையாருடைய நற்செய்திதான். ஆண்டவர் உயிர்த்து வந்து சீடர்களுக்குச் சமாதானம் சொன்ன அன்று தோமையார் அந்த இடத்தில் இல்லை. எட்டு நாள் கழித்து, பூட்டின வீட்டுக்குள், அவருக்காகவே ஆண்டவர் மறுபடி வந்து அதே சமாதானத்தைச் சொன்னார். பிலிப்பு இதை அறுபது தடவை கேட்டிருக்கிறார். கலியாணம் முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் தோமையாரைப் பற்றித் தனக்கு நல்ல அபிப்பிராயமில்லை என்று மாக்கிறேற்றுக்குச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அவர் எட்டு நாளை எண்ணினார். போன ஞாயிறிலிருந்து விரல்விட்டு எண்ணியபோது, இரண்டு ஞாயிறையும் சேர்த்து, சரியாக வந்தது.

பிரசங்கம் முடிந்தது. பிலிப்பு தொண்டையைச் செருமினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக, இரண்டுதரம்.

பிறகு சமாதானம் வந்தது. சுவாமி சொன்னார், சனம் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்பியது. பிலிப்புவுக்கு இடமும் இல்லை வலமும் இல்லை. காலி வாங்குக்குக் கைகூப்பினார். றெக்ஷன் கீபோட்டை விட்டு எழும்பி வந்து தூணில் இருந்த போனைப் பிடித்தான். சுற்றத் தொடங்கினான். முதல் வாங்கைக் கண்டதும் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

சுவாமி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். செபஸ்தியம்மா தன் முறை வரட்டும் என்று கையைத் தூக்கியபடி நின்றார். பெண்கள் பக்கத்தில் மாக்கிறேற் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்திருந்தார். போனுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, பாரிசில் எலாம் அடித்ததா இல்லையா என்று சொல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான்.

பிலிப்பு அந்த வட்டத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற சனத்துக்கு அவருடைய முகம் தெரியாது. முதுகு மட்டும் தெரியும். வாய் ஏதோ ஒரு பெயரைச் சொன்னது. பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு வலக்கையை நெஞ்சளவுக்குத் தூக்கி, தங்கூசி அறுத்த தழும்புள்ள ஐந்து விரலையும் மடக்கினார், விரித்தார். மடக்கினார், விரித்தார்.